அம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட வசனம்

டொக்டர் அன்ரியிடம் கேளுங்கள்

போன மாதம் ஒரு வாசகி தன் மகனுக்குத் தலசீமியா, அதாவது பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாட்டு நோய், என்று எழுதியிருந்தார். மரபணு ஆலோசனைக்குப் போங்கள் என்று நாலு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் அந்த நாலு வரி போதவே இல்லை என்று விளங்குகிறது. பாதிக்கு மேல் பிள்ளைகளே எழுதியவை, அதுவும் கொப்பித்தாளைக் கிழித்து. ஆகவே முடி உதிர்வு, முகப்பரு, தூக்கமின்மை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன, கோபிக்க வேண்டாம். பெயர், பாடசாலை, வைத்தியசாலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு 16 வயது. குழந்தையாக இருந்ததிலிருந்து தலசீமியா, மூன்று கிழமைக்கு ஒருதரம் இரத்தம் ஏற்றப் போவேன். அப்பா கட்டாரில். அம்மாவுக்குச் சிங்களம் வராது, டொக்டர் சொல்வதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுவேன். போன தடவை டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இருதயத்தில் இரும்பு படியத் தொடங்கியிருக்கிறது, இரவில் பம்ப் ஒழுங்காகப் போடுவதில்லையா என்று. மற்றது, பிறகு கல்யாணம் என்று வரும்போது மாப்பிள்ளையின் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று. நான் அம்மாவிடம் "பரவாயில்லையாம், மருந்தை விடாமல் எடுக்கட்டாம்" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து நித்திரை இல்லை. நான் செய்தது பிழையா? என்னைப் போன்றவர்கள் கல்யாணம் கட்டலாமா?
- கொட்டாஞ்சேனை

பதில்: மகள், பிழை உன்னில் தொடங்கவில்லை. தன் வருத்தத்தைப் பற்றிய செய்தியைக் கேட்டு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே அதை இன்னொரு பாஷைக்கு மாற்றித் தாயிடம் கொடு என்று ஒரு பிள்ளையை நிறுத்தினால், அந்தப் பிள்ளை நாலு வசனத்தில் இரண்டை விழுங்கத்தான் செய்யும். நானாக இருந்தால் நாலையும் விழுங்கியிருப்பேன். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி ஆகிவிட்டது, ஆனால் கிளினிக் அறைக்குள் அந்த மொழியைச் சுமந்துகொண்டு போவது இன்றைக்கும் உன் வயதுப் பிள்ளைகள்தான். கொழும்பில் எத்தனை வீடுகளில் மூத்த பிள்ளைதான் வங்கிக்கும் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தின் வாய்! வங்கிப் படிவம் நிரப்புவது வேறு, இது வேறு. அடுத்த தடவை உள்ளே போனதும், டொக்டர் கதைக்கத் தொடங்குமுன், தமிழ் தெரிந்த தாதி மிஸ்ஸி ஒருவரைக் கூப்பிட முடியுமா என்று கேள். அந்த அறையில் இல்லாவிட்டாலும் பக்கத்து வார்ட்டில் ஒருவர் இருக்கக்கூடும். நீ அந்த நாற்காலியில் நோயாளியாக மட்டும் இரு, அதுவே போதுமான வேலை.

இனி அந்த இரண்டு வசனம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இரும்பு பற்றிய வசனம் இந்தக் கிழமைக்குள் அம்மாவின் காதில் விழ வேண்டும். உனக்கு ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்தோடும் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உள்ளே போகிறது. உடம்பு தானாக வெளியேற்றுவதோ ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் அளவுதான். மிச்சம் எல்லாம் ஈரல், இருதயம், சுரப்பிகள் என்று தேடிப்போய்ப் படியும். அதை இழுத்து எடுக்கத்தான் டெஸ்பெரல் மருந்தும் பம்பும், வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசியைக் குத்திக்கொண்டு 8 மணித்தியாலம், 10 மணித்தியாலம், கிழமையில் ஐந்து இரவுக்குக் குறையாமல். நான் அதைப் போட்டுக்கொண்டு படுத்தவள் இல்லை, போட்டுக்கொண்டு படுத்த பிள்ளைகளோடு பல வருடம் வார்ட்டில் இருந்தவள், அதனால் ஏன் விட்டாய் என்று கேட்க எனக்கு வாய் வராது. குத்திய இடம் தடிக்கும், நோகும், மச்சாள் வீட்டில் ஓர் இரவு தங்குவதென்றாலும் பம்பைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோக வேண்டும். ஆனால் இருதயத்தில் படிந்த இரும்பை நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்தால் திரும்ப இறக்கலாம், டொக்டர் அதற்குத்தான் கேட்டிருக்கிறார். "பம்ப் போட ஏலாமல் இருக்கிறது, குளிசையாக எடுக்கும் மருந்து எனக்குச் சரிவருமா" என்று நீயே கேள். டெஃபெராசிராக்ஸ் என்று குளிசை இருக்கிறது, அது உன் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பொருந்துமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். பம்ப் போடாமல் விட்ட கணக்கை மட்டும் மறைக்காதே. கிழமையில் இரண்டு நாள்தான் போட்டேன் என்றால் இரண்டு என்றே சொல். ஐந்து என்று சொன்னால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டுவார்.

கல்யாண வசனம் உன்னுடையது. அதை அம்மாவுக்கு எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை நீ உன் நேரத்துக்கு முடிவு செய்துகொள். 16 வயதில் அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

கட்டலாமா என்றால், கட்டலாம், தாராளமாக. தலசீமியா உள்ளவர்கள் கல்யாணம் கட்டியிருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். உன்னிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. அவர்கள் இருவரும் காவிகள், ஆளுக்கு ஒரு பிரதி மட்டும் பழுது, அதனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ கட்டப்போகிறவர் காவியாக இல்லாவிட்டால் உன் பிள்ளைகள் எல்லாரும் காவிகளாக இருப்பார்கள், தலசீமியா நோய் ஒருவருக்கும் வராது. அவர் காவியாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஹீமோகுளோபின் ஈ என்று இன்னொரு வகைப் பழுதும் இங்கே இருக்கிறது, அதன் காவியைக் கட்டினாலும் இதே கணக்குத்தான். மாப்பிள்ளையின் இரத்தத்தைப் பார்க்கச் சொன்னது இதற்காக, உன்னைத் தள்ளிவைக்க அல்ல. இன்னொன்று, உனக்குப் பிள்ளை பெறும் ஆசை வந்தால் அப்போது டொக்டர்மார் முதலில் பார்ப்பது உன் இருதயத்தைத்தான். ஆக, நீ விழுங்கிய முதல் வசனத்துக்குள்தான் இரண்டாவதும் இருக்கிறது. இன்றைக்கு இரவு பம்பைப் போட்டுக்கொண்டு படு.

கேள்வி: மகனுக்கு 12 வயது, ஹீமோபீலியா, இரத்தம் சரியாக உறையாது. மகளுக்கு 15. அவளுக்குள்ளும் அது ஒளிந்திருக்குமோ என்று பயம். வேறு ஏதோ சோதனை என்று சொல்லி இரத்தம் எடுத்து, அவளுக்குத் தெரியாமல் பார்க்கலாமா? நாளைக்கு லண்டன், கனடா என்று பேச்சுக்கால் வரும்போது நாங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? மாமியார் ஏற்கெனவே என்னைத்தான் குறை சொல்கிறார்.
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, தெரியாமல் வேண்டவே வேண்டாம். உங்கள் மகளுக்குப் பார்க்கக்கூடிய சோதனை இரண்டு இருக்கிறது, நீங்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலாவது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய காரணி அவள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது, காரணி எட்டு அல்லது ஒன்பது, மகனுக்கு எது குறைவோ அது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. காவி என்றால் ஒன்றும் செய்யாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது முழுக்கச் சரியில்லை. காவியாக இருக்கும் சில பெண்பிள்ளைகளுக்குக் காரணி குறைந்துபோய் மாதவிடாய் அள்ளிக்கொண்டு போகும், பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது, அதை "அவளுக்கு அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அவளுக்கு மாதம் எத்தனை நாள் போகிறது, பாடசாலையில் உடுப்பு நனைகிறதா என்று கேட்டுப் பார்த்தீர்களா? இந்தச் சோதனை அவளுடைய இன்றைய உடம்புக்கு வேண்டியது, "தம்பியின் வருத்தம் உனக்கும் கொஞ்சம் இருக்கலாம், உன் உடம்புக்காகப் பார்க்கிறோம்" என்று நேராகச் சொல்லிச் செய்யுங்கள்.

இரண்டாவது மரபணுச் சோதனை, அவள் காவியா இல்லையா என்று திட்டமாகச் சொல்வது. காரணி அளவு சரியாக இருந்தாலும் ஒருவர் காவியாக இருக்கலாம், அதனால்தான் இது தனியாக. இதன் பதில் பயன்படப்போவது அவள் பிள்ளை பெற நினைக்கும் நாளில். அதை எப்போது தெரிந்துகொள்வது என்ற முடிவும் அவளுடையதாக இருக்கட்டும். 15 வயதில் சில பிள்ளைகள் இப்போதே தெரிய வேண்டும் என்பார்கள், சிலர் ஏ.எல். முடியட்டும் என்பார்கள், ஆலோசகர் அவளோடு தனியே இருந்து கதைத்தால் அது வெளியே வரும். லண்டன் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்பதற்காக 15 வயதுப் பிள்ளையின் மரபணுவைத் திறந்து பார்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நீங்கள் கோபித்தாலும் சரி.

பிள்ளைக்குத் தெரியாமல் என்கிறீர்கள். என் கதை ஒன்று சொல்கிறேன். நான் புதிதாக டொக்டர் ஆன காலம், ஒரு வார்ட்டில் தலசீமியா உள்ள பெடியன் ஒருவனின் தாயிடம் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன், நீங்கள் இரண்டு பேரும் காவிகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று வாய்ப்பு என்று. பெடியன் கட்டிலில் இருந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான், பத்துப் பதினொரு வயதிருக்கும். தாய் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, "டொக்டர், அந்த நாலில் ஒன்று நான்தானே, மற்ற மூன்று பேரும் எங்கே?" என்று கேட்டான். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. தனக்காக மூன்று பேர் பிறக்காமல் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் செய்த பிழை, அவனை வைத்துக்கொண்டு அவன் தலைக்கு மேலால் கதைத்தது. உங்கள் வீட்டிலும் மகள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

மாமியாருக்கு ஒரு வரி: ஹீமோபீலியா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்ததில்லை, மரபணுவில் புதிதாக வந்த மாற்றம். நீங்களே காவியா என்பதைக்கூட இன்னும் சோதித்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. மகளிடம் போவதற்கு முன் அதைப் பாருங்கள். நீங்கள் காவி என்றால் மகளும் காவியாக இருக்கும் வாய்ப்பு பாதி. மகனைப் பற்றியும் கேட்டுவையுங்கள்: நாளைக்கு அவனுக்குப் பிறக்கும் பெண்பிள்ளைகள் எல்லாரும் காவிகள், ஆண்பிள்ளைகளுக்கு அவனிடமிருந்து இந்த வருத்தம் போகாது, ஏனென்றால் மகனுக்குத் தகப்பன் கொடுப்பது வை நிறமூர்த்தம், பழுது இருப்பது எக்ஸில்.

கேள்வி: பேரனுக்குத் தலசீமியா. எங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறைக்கும் இப்படி ஒன்று இல்லை. மருமகள் எனக்கு அண்ணன் மகள்தான், என்றாலும் அண்ணியின் வழியால் வந்திருக்கும். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்கிறார்கள், உண்மையா?
- வத்தளை

பதில்: இல்லை அம்மா, இரண்டும் இல்லை. தலசீமியா வர இரண்டு பக்கமும் வேண்டும், உங்கள் மகன் ஒரு பிரதி கொடுக்காமல் பேரனுக்கு நோய் வந்திருக்காது. மச்சானும் மச்சாளும் கட்டினால் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த மரபணு இரண்டு கையிலும் இருக்க இடம் கூடுதல், எட்டில் ஒரு பங்கு பொது. அண்ணன் மகளை எடுத்தது நீங்கள்தானே, அந்தப் பாட்டன் உங்கள் அப்பாவாகவே இருக்கலாம்! நாலில் ஒன்று என்பது வரிசைக் கணக்கு இல்லை. தாயக்கட்டையை உருட்டிப் பார்த்திருப்பீர்கள், போன தடவை தாயம் விழுந்ததை அது நினைத்து வைத்திருக்குமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக உருட்டுவதுதான். பேரனுக்கு முன்னால் வைத்து "உன் அம்மா வழி" என்று மட்டும் சொல்லாதீர்கள், பெரிய உபகாரமாக இருக்கும்.

கேள்வி: வயது 17, ஏ.எல். பயோ. அம்மாவுக்கு உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள், எனக்குக் கோப்பி நிறத்தில் தேமல் மாதிரி ஒன்பது அடையாளம். நியூரோஃபைப்ரோமற்றோசிஸ் என்றார்கள். எனக்கும் அம்மாவைப் போல ஆகுமா? மரபணுச் சோதனை செய்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்று சொல்லுமா? டியூஷனில் ஒரு பிள்ளையோடு பழகுகிறேன், அவளுக்குச் சொல்ல வேண்டுமா?
- தெஹிவளை

பதில்: தம்பி, பயோ படிப்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். ஆட்சியான மரபணு, பழுதான ஒரு பிரதியே போதும், அம்மாவிடமிருந்து வரும் வாய்ப்பு பாதி, உனக்கு வந்திருக்கிறது. இதே வருத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் இல்லாமலே புதிதாக வருகிறது. பட்டாணியில் மெண்டல் சொன்ன உயரம், குட்டை மாதிரி இது இரண்டாகப் பிரிந்து நிற்காது. ஒரே வீட்டில், ஒரே மரபணு மாற்றத்தோடு, ஒருவருக்குத் தேமலோடு நின்றுவிடும், ஒருவருக்கு முடிச்சு நிறைய வரும். பெரும்பாலானவர்களுக்கு நீ எவ்வளவு பாதிக்கப்படுவாய் என்று சோதனை சொல்லாது. அம்மாவைப் பார்த்து உன் 45 வயதை நீ வரைந்துகொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன், அந்தப் படம் சரிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது, பிழை என்றும் சொல்ல முடியாது. இந்தப் பதில் உனக்குப் பிடிக்காது, தெரியும்.

செய்யக்கூடியது இருக்கிறது. வருடத்துக்கு ஒருதரம் இரத்த அழுத்தம், கண், முதுகெலும்பு பார்க்க வேண்டும். ஒரு முடிச்சு திடீரென்று பெருத்தால், இரவில் எழுப்பும் அளவுக்கு நொந்தால், சோதனைக் காலம் என்று பார்க்காமல் அடுத்த நாளே போ.

அந்தப் பிள்ளைக்கா? டியூஷனில் பழகும் ஒருவருக்கு நீ மருத்துவ அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டவன் இல்லை. கையைப் பார்த்து இது என்ன என்று கேட்டால், "பிறவியிலேயே உள்ள அடையாளம், தொற்றாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போகலாம். வாழ்க்கை முழுக்க என்று இருவரும் யோசிக்கும் நாள் வந்தால் அப்போது முழுவதையும் சொல், வேறு யாரும் போய்ச் சொல்வதற்கு முன்பே. நடுவில் உள்ள காலத்துக்கு விதி எதுவும் என்னிடம் இல்லை. சில பிள்ளைகள் இந்தச் சொல்லை முதலில் ஆலோசகரிடம் சொல்லிப் பழகிப் பார்ப்பார்கள், பாடம் ஒப்புவிப்பது மாதிரி. சிரிக்காதே, அது உதவுகிறது.

கேள்வி: என் மனைவி ஹன்டிங்டன் நோயால், மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் பரம்பரை வருத்தத்தால், போய்விட்டாள். மகளுக்கு 14 வயது. அவளுக்கும் இருக்கிறதா என்று இப்போதே சோதித்தால் படிப்புக்கு, வெளிநாட்டுக்கு என்று திட்டமிடலாம். கேட்ட இடத்தில் 18 வயதுக்குமுன் செய்யமாட்டோம் என்கிறார்கள். காசு கொடுத்தால் வேறு எங்காவது செய்வார்களா?
- மட்டக்குளி

பதில்: ஐயா, நீங்கள் வருடக்கணக்கில் பார்த்ததை நினைத்தால் உங்கள் அவசரம் விளங்குகிறது. ஆனால் அவர்கள் மறுத்தது சரி, உலகம் முழுவதும் இதுதான் நடைமுறை. இந்த மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள், சோதனை அன்றிலிருந்து இருக்கிறது, நோய் வராமல் தடுக்கும் மருந்து மட்டும் இன்றும் கையில் இல்லை. பெரும்பாலும் 30, 40 வயதுக்குப் பிறகு தொடங்கும் ஒன்றை 14 வயதில் சொல்லி என்ன செய்யப்போகிறோம்? சின்ன வயதிலேயே கவனித்தால் பலன் உள்ள பரம்பரை வருத்தங்கள் இருக்கின்றன, சிலருக்குக் குடும்பத்தோடு வரும் மிகக் கூடிய கொலஸ்ட்ரோல் மாதிரி, அதைப் பிள்ளையிலேயே சோதிக்கச் சொல்வேன். இது அப்படிப்பட்டதல்ல. ஒருமுறை தெரிந்துவிட்டால் தெரியாமல் ஆக்க முடியாது. இந்த நோய் உள்ள குடும்பங்களில் வளர்ந்த பெரியவர்களே கனபேர் சோதிக்காமல் இருக்கத்தான் விரும்புகிறார்கள், அந்த உரிமையை உங்கள் மகளிடமிருந்து இன்றைக்கே எடுத்துவிடுவீர்கள். பதில் 'இருக்கிறது' என்று வந்தால் மேற்படிப்புக்குச் செலவழிப்பீர்களா மாட்டீர்களா? இந்தக் கேள்வியை இரவில் தனியே இருந்து உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சோதனை வேண்டாம் என்றேன், மௌனமாக இருங்கள் என்று சொல்லவில்லை. அம்மா எதனால் போனார் என்று அவளுக்குச் சரியான பெயரோடு தெரியுமா? தனக்கும் பாதி வாய்ப்பு என்பதை அவள் இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன் உங்கள் வாயால் கேட்பது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை, அவள் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். சோதனை எதுவும் செய்யாமலே அவளை ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போகலாம், கதைக்க மட்டும். 18 ஆனபிறகு அவள் தானாகப் போய்க் கேட்டால், கேட்ட அன்றைக்கே ஊசியைக் குத்த மாட்டார்கள், முதலில் பலமுறை இருத்திக் கதைத்துவிட்டுத்தான் செய்வார்கள்.

கேள்வி: மரபணு ஆலோசனை என்றால் உள்ளே என்னதான் நடக்கும்? எங்கே போவது, என்ன கொண்டுபோவது?
- பல வாசகர்கள்

பதில்: கொழும்பில் கின்சி வீதியில், மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இருக்கிறது, அங்கே ஆலோசனை உண்டு. உங்கள் கிளினிக் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் சுலபம். தலசீமியாக் காவிச் சோதனைக்கு குருநாகலில் தேசிய நிலையம் இருக்கிறது.

உள்ளே ஊசியும் இல்லை, படுக்கச் சொல்லவும் மாட்டார்கள். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் குடும்பத்தை வரைவார்கள், ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வருத்தம் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்துக்குள் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு. மூன்று தலைமுறை வேண்டும், ஆகவே முதல் நாள் இரவு அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, சின்ன வயதில் செத்துப்போன பிள்ளைகள், யாருக்காவது திரும்பத் திரும்ப இரத்தம் ஏற்றியது, யாரையாவது ஊரில் மறைத்து வைத்திருந்தது எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய அறிக்கைகள் எல்லாம் வேண்டும், மங்கிப்போனாலும் பரவாயில்லை. ஆலோசகர் இப்படிச் செய், அப்படிச் செய் என்று உத்தரவு போட மாட்டார், எங்கள் ஆட்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும், "டொக்டர், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

பெற்றோருக்கு: ஒரு பத்து நிமிடம் எழுந்து வெளியே போங்கள். பிள்ளையைத் தனியே விடச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மருந்தை எறிந்தது, வகுப்பில் கூப்பிடும் பட்டப்பெயர், "நான் எத்தனை வயது வரை இருப்பேன்" எல்லாம் வெளியே வரும்.

கல்யாண வயதில் உள்ளவர்களுக்கு: சாதகம் பார்க்கும் அதே கிழமையில் ஒரு இரத்தச் சோதனையும் பார்த்துவிடுங்கள். பிள்ளை தங்கிய பிறகு பார்ப்போம் என்று விட்டால், இந்த நாட்டுச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம், அப்போது தெரிந்துகொண்டு தவிப்பதுதான் மிஞ்சும். சாதாரண முழு இரத்தப் பரிசோதனையில் செவ்வணு சின்னதாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று மாதக்கணக்கில் குளிசை விழுங்காமல், ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். தலசீமியாக் காவிகளுக்கும் செவ்வணு சின்னதாகத்தான் இருக்கும்.

கேள்வி: எனக்கு 15 வயது, தலசீமியா. வகுப்பில் எல்லாருக்கும் குரல் உடைந்து மீசை வருகிறது, எனக்கு ஒன்றும் இல்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்று பகிடி பண்ணுகிறார்கள். அம்மா பக்கத்திலேயே நிற்பதால் டொக்டரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.
- பெயர் போட வேண்டாம்

பதில்: ராசா, மீசை கடைசியில் வரும் சாமான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டொக்டர்மார் பார்ப்பது வேறு, விதை பெருக்கத் தொடங்கியிருக்கிறதா என்று. 14 வயது முடிந்தும் அந்த அடையாளம் இல்லாவிட்டால் எந்த ஆண்பிள்ளைக்கும் சோதிப்பார்கள், தலசீமியா உள்ள பிள்ளைக்குக் கட்டாயம், ஏனென்றால் இரத்தத்தோடு வந்த இரும்பு மூளைக்கு அடியில் உள்ள பட்டாணி அளவுச் சுரப்பியில் படிந்தால் வளரச் சொல்லும் கட்டளை மெதுவாகிவிடும். இரத்தத்தில் ஹோர்மோன் பார்ப்பார்கள், இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் ஹோர்மோன் மருந்து கொடுக்கலாம், குரலும் உயரமும் அதோடு நகரும். வெட்கம் என்று ஒரு வருடம் விட்டால் நட்டம் உனக்குத்தான், பகிடி பண்ணும் அந்தப் பெடியன்களுக்கு ஒன்றும் இல்லை.

வாயால் கேட்க வேண்டாம். ஒரு சின்னத் துண்டில் "எனக்கு 15, இன்னும் வளர்ச்சி தொடங்கவில்லை, தயவுசெய்து பாருங்கள், அம்மா வெளியே இருக்கட்டும்" என்று எழுதி, கிளினிக் புத்தகத்தில் கடைசியாக டொக்டர் எழுதிய பக்கத்தில் வை. அவர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.